திரிவேணியின் கலைப் பருவம்

கோடையின் அனலும் மழைக்காலத்தின் புழுக்கமும் கழிந்து, ஐப்பசியின் இளங்குளிர் தலைகாட்டும்போது, தலைநகர் டில்லியில் கலைகளின் பருவம் தொடங்குகிறது. மே, ஜூன் திங்கள்களில் நாற்பது பாகைக்கு மேல் வெயில் காயும் ஊரில், திறந்த வெளியில் ஒரு நாட்டியத்தையோ கச்சேரியையோ எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள ஆறு திங்களுக்குள் ஓராண்டுக்குரிய நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியை அடக்கிவிட வேண்டியிருக்கிறது. அவற்றுள்ளும் மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிர் வெட்டவெளி அரங்குக்குப் பகை. முன்னே உள்ள இரு திங்களும் பின்னே உள்ள இரு திங்களுமே அதற்கு உகந்தவை. டில்லியில் எந்தக் கலை மன்றம் வெளியிடும் நிகழ்ச்சி நிரலையும் படிப்பவர்கள் இந்தத் தட்பவெப்பக் கணக்கை முதலில் மனத்திற் கொள்ளுதல் நலம்.

மண்டி ஹவுஸ் என வழங்கும் வட்டாரத்தில் இத்தகைய மன்றங்கள் பல நெருங்கி அமைந்துள்ளன. தாகூர் நூற்றாண்டாகிய 1961-இல் எழுந்த ரவீந்திர பவனம் சாகித்திய அக்காதெமி, சங்கீத நாடக அக்காதெமி, லலித கலா அக்காதெமி ஆகிய மூன்றுக்கும் இல்லம். 1959-இல் நிறுவப்பெற்ற தேசிய நாடகப் பள்ளியும் அருகிலேயே உள்ளது. இவை அரசின் ஆதரவில் வளர்ந்தவை. இவற்றின் நடுவே, தான்சேன் மார்க்கில், தனியொரு பெண்மணியின் முயற்சியால் தோன்றிய திரிவேணி கலா சங்கமத்தைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம். பெருமண்டபங்களின் புகழ் இதற்கு இல்லை. எனினும், கலையை நாள்தோறும் பயிலும் இடமும் காணும் இடமும் ஒன்றாகவே அமைந்த மன்றம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் தலைநகரில் இல்லை என்பது நம் கருத்து.

இதனை நிறுவியவர் சுந்தரி ஸ்ரீதராணி. உதயசங்கர் இமயமலைச் சாரலில் அல்மோராவில் நடத்திய கலைக் கேந்திரத்தில் நாட்டியம் பயின்றவர் அவர். அந்தக் கேந்திரத்தில் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும், மணிப்புரிக்கு அமோபி சிங்கும், பரதத்திற்கு நம் காந்தப்பப் பிள்ளையும் ஆசான்களாக விளங்கினர். பாலசரஸ்வதியை உருவாக்கிய அதே காந்தப்பப் பிள்ளைதான். ஒரு கலையைக் கற்பவர் ஏனைய கலைகளையும் கண்டும் கேட்டும் வளர வேண்டும் என்ற கொள்கை அங்கு நிலவியது. பொருள் முடையால் அல்மோராக் கேந்திரம் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் கொள்கையோ மாணவி ஒருவருடன் டில்லிக்கு வந்து சேர்ந்தது.

1950-இல் கன்னாட் பிளேஸில் ஒரு காப்பிக் கடையின் மேல்மாடியில் ஓர் அறை, மாணாக்கர் இருவர், ஓவியம் கற்பிக்க கே. எஸ். குல்கர்ணி. திரிவேணியின் தொடக்கம் இவ்வளவே. கங்கையும் யமுனையும் சரஸ்வதியும் கூடுவதுபோல் நாட்டியமும் இசையும் சித்திரமும் கூடும் இடம் என்பது பெயரின் பொருள். அப்பெயரைக் கூறியவர் புல்லாங்குழல் வித்துவான் விஜய ராகவ ராவ் என்பர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1963-இல், இன்றுள்ள கட்டடம் எழுந்தது. நிறுவியவர் 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2012-இல் காலமானார்.

கட்டடத்தை வகுத்தவர் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்னும் அமெரிக்கர். 1952-இல் வங்காளத்தில் கட்டடக் கலை கற்பிக்க வந்து, இந்நாட்டிலேயே தங்கி, டில்லியின் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரையும் பின்னாளில் ஹாபிடாட் சென்டரையும் வகுத்தவர் இவரே. திரிவேணியில் அவருக்குக் கிடைத்த நிலம் சிறிது, தேவைகளோ பல. நான்கு காட்சிக்கூடங்கள், ஓர் உள்ளரங்கு, ஒரு வெளியரங்கு, சிற்பங்களுக்கு ஒரு முற்றம், இவற்றோடு வகுப்பறைகள். துளையிட்ட ஜாலிச் சுவர்களால் வெயிலை வடிகட்டிக் காற்றை உள்ளே விட்டார். வெளியரங்கைப் புல்படர்ந்த படிகளாகச் சமைத்தார். அதை ஒட்டிச் சிற்றுண்டிச் சாலை ஒன்றும் உண்டு. அங்குத் தேநீர் பருக வந்தவர், எவரும் அழைக்காமலே படியில் அமர்ந்து ஓர் ஒத்திகையைக் கண்டுவிட்டுப் போகலாம். சீட்டும் வாயிற்காவலும் இல்லாத இந்த அமைப்பே, நம் மதிப்பில், அந்தக் கட்டடத்தின் தலையாய சிறப்பு.

இனி நிகழ்ச்சி நிரலுக்கு வருவோம். அதில் 'மணிப்புரி' என்றோ 'சௌ' என்றோ ஒரு சொல் மட்டும் காணப்படும். அவ்வளவே போதுமென்று நிரல் தயாரிப்போர் கருதுகின்றனர். புதிதாக வருவோருக்கு அது போதாது.

மணிப்புரியின் ராசலீலை மேடைக்காகப் பிறந்ததன்று. கோயில் மண்டபத்தின் நடுவே ஆடுவர். மக்கள் சுற்றிலும் அமர்ந்திருப்பர். அவர்கள் ரசிகர்களாக அன்றிப் பக்தர்களாக வருபவர்கள். கண்ணீர் வடிப்போரும் உண்டு. ஆடுபவரின் முகத்தில் பாவம் அடங்கியிருப்பதைக் கண்டு, பரதத்தின் கண்ணசைவுக்குப் பழகிய நம்மவர் 'அபிநயமே இல்லையே!' என்று ஏமாறுவது வழக்கம். அடக்கமே அங்கு அழகு. விறைத்து நிற்கும் பாவாடைக்குள் கால்கள் நகர்வது தெரியாமல் உடல் மிதப்பதைக் காண வேண்டும். புங் என்னும் மத்தளத்தை இடையில் தாங்கி ஆடவர் சுழன்று ஆடும் சோலோமில் மட்டும் அடக்கம் விடைபெற்று வேகம் வரும். குரு ராஜ்குமார் சிங்கஜித் சிங் பல்லாண்டுகள் திரிவேணியில் இக்கலையைக் கற்பித்தமையால், டில்லியில் மணிப்புரிக்கு ஓர் இருப்பிடம் அமைந்தது.

சௌ நடனம் சைத்திர மாத விழாவில் திறந்த வெளியில் ஆடப்படுவது. செரைகெலாவிலும் புருலியாவிலும் முகமூடி அணிவர், மயூர்பஞ்சில் அணிவதில்லை. போர்ப் பயிற்சியின் அடவுகளோடு, சாணமிட்டு மெழுகுதல் போன்ற வீட்டுவேலைகளின் அசைவுகளும் அதில் நடனமாகியுள்ளன. 2010-இல் யுனெஸ்கோவின் மரபுக் கலைப் பட்டியலில் இது இடம் பெற்றது. மூடிய அரங்கிலும் சௌ ஆடுகிறார்கள். ஆனால் நிரலில் வெளியரங்கு என்று குறித்திருப்பின் அந்த நாளையே தேர்ந்துகொள்ளுங்கள்.

பரதநாட்டியத்தை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அங்கு எழும் சிக்கல் வேறு. டில்லியில் பதத்திற்கு ஆடும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். அவையில் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஆகையால் ஆட்டத்திற்கு முன் இரண்டு வரியில் பொருள் கூறுகின்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த இரு வரிகளில்தான் கவனம் செல்லும். 'ஊடல்' என்பதற்கு ஆங்கிலத்தில் சச்சரவு எனப் பொருள்படும் சொல்லைப் போட்டுவிட்டால், அவையோர் கோபத்தை எதிர்பார்த்திருப்பர்; ஆடுபவளோ அன்பின் மிகுதியால் முகம் திருப்பிக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ பொருந்தவில்லை என்று மட்டும் தோன்றும். குறை ஆடியவள் தலையில் விழும். இத்தனைக்கும் விரஜ மொழிக் கவிதையில் 'மான்' என்னும் சொல் அதே நிலையைக் குறிக்கிறது. ராதையின் மான் வடநாட்டார் நன்கறிந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்து வைத்தால் அவை முழுவதும் அடுத்த பத்து நிமிடத்தை உள்ளூரக் காணும். நாட்டியம் எல்லோருக்கும் பொதுமொழி என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதியை அந்த இரு வரிகள் தாங்க வேண்டியிருக்கிறது. அவற்றை எழுத நிகழ்ச்சிக்கு முந்திய இரவு வரை ஒருவரும் முன்வருவதில்லை.

காட்சிக்கூடங்களின் நிலை வேறு. நுழைவுக் கட்டணம் இல்லை. இருந்தும், மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறக்கிறார்கள்? 'நமக்கு என்ன தெரியும்?' என்ற கூச்சமே தடை. உள்ளே பெரும்பாலும் ஓவியரே தனியாக அமர்ந்திருப்பார். இளம் ஓவியர் பலருக்கு அந்த ஒரு வாரம், சட்டமிடும் செலவு, கூடத்தின் வாடகை, அட்டவணை அச்சு ஆகியவற்றுக்காகப் பல திங்களின் சேமிப்பைக் கரைத்துப் பெற்றது. ஒரு படமும் விற்காமல் கட்டி எடுத்துச் செல்வோரும் உளர். ஏன் இந்த நிறம், ஏன் இந்தக் கோடு என்று வினவும் ஒருவரை அவர்கள் தொல்லையாகக் கருதுவதில்லை.

சில குறிப்புகளை அறிந்திருந்தால் கூச்சம் பாதி நீங்கும். அச்சுப்படங்களின் அடியில் பென்சிலால் 7/25 என்றிருப்பது விலையன்று. அந்தத் தகட்டிலிருந்து எடுத்த இருபத்தைந்து படிகளுள் இது ஏழாவது என்பது பொருள். குறித்த படிகள் எடுத்தபின் தகட்டைக் கீறி விடுவது மரபு. ஆகையால் அச்சுப்படம் நகலன்று, ஒவ்வொன்றும் மூலமே. எண்ணெய் ஓவியத்தைவிட விலை குறைந்திருப்பதால், நடுத்தரக் குடும்பத்தார் தம் வீட்டுச் சுவருக்கு ஒன்றை வாங்க எண்ணினால் இதிலிருந்து தொடங்கலாம். படத்தின் அருகில் ஒட்டிய சிவப்புப் பொட்டு, அது விலைபோய்விட்டது என்பதற்கு அடையாளம்.

திறப்பு விழா மாலையில் படங்களைக் காணச் செல்லாதீர்கள். அன்று காணக்கூடியவை முதுகுகளும் சமோசாத் தட்டுகளுமே. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சனி ஞாயிறு தவிர்த்து, வெளிச்சம் உள்ள வேளையில் செல்வது உத்தமம். 1977-இல் நாடக ஆசிரியர் இப்ராகிம் அல்காசியும் அவர் துணைவியார் ரோஷனும் தொடங்கிய ஆர்ட் ஹெரிடேஜ் காட்சிக்கூடமும் இதே வளாகத்தில் உள்ளது. ஒரே சுற்றில் இரண்டு மூன்று காட்சிகளைக் கண்டுவிடலாம்.

குழந்தைகளை அழைத்துச் செல்வோர், வகுப்புகள் நடக்கும் மாலை நேரத்தைத் தேர்வது நல்லது. தாழ்வாரத்தில் ஓர் அறையில் தபலாவும், அடுத்ததில் ஜதியும் ஒலிக்கும். மேடையில் ஒரு மணிநேரம் மின்னி மறைவது, அறைக்குள் எத்தனை முறை தவறித் திருத்தப்படுகிறது என்பதை அவர்கள் கதவருகே நின்றே தெரிந்துகொள்வர். மெட்ரோவில் வருவோர் மண்டி ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னதாகச் சென்றால் புல்படியில் நல்ல இடம் கிடைக்கும். மாசி பிறக்கும் வரை ஒரு கம்பளியும் கையோடு இருக்கட்டும்.