பரிசாக வந்த கைமாற்று

2007 டிசம்பர். கலிபோர்னியாவில் எங்கள் அலுவலகத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். மெழுகுவத்தி, காபிக் கோப்பை, சாக்லேட் பெட்டி, இவற்றில் ஒன்றுதான் வரும். அந்த ஆண்டு எனக்கு வந்தது நான்காக மடித்த ஒரு காகிதம். வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்தது. உள்ளே ஓர் எண்ணும் 25 டாலர் என்ற குறிப்பும் இருந்தன. "இதை நீ செலவழிக்க முடியாது. யாருக்காவது கடனாகத்தான் கொடுக்கலாம்" என்றார் கொடுத்தவர்.

அது கீவாவின் பரிசுச் சீட்டு. ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியின் முகமது யூனுஸ் ஸ்டான்ஃபோர்டில் பேசியதைக் கேட்ட ஜெசிகா ஜாக்லியும், மேட் ஃபிளானரியும் தொடங்கிய, இணையம் வழியாகச் சிறுகடன் திரட்டும் அமைப்பு. 2005இல் உகாண்டாவின் டொரோரோவில் ஏழு பேருக்கு, தெரிந்தவர்களிடம் திரட்டிய பணத்தைக் கடனாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் திரும்பி வந்தது. அந்த ஆண்டே எல்லோருக்குமாகத் திறந்துவிட்டார்கள். 2007 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சியில் பேசியதும், கடன் கொடுக்க வந்தவர்கள் பெருகி, வாங்குபவர்களின் பட்டியல் தீர்ந்துபோனது. ஒருவருக்கு 25 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்க வேண்டியதாயிற்று.

அன்று இரவு வெகுநேரம் கீவாவின் தளத்தில் கடன் கேட்டவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் மெஷின் முன் ஒருத்தி, இரண்டு பசுக்களோடு ஒருத்தி, மீன் கூடையோடு ஒருவர். கடைசியில் கம்போடியாவில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் முகம் எங்கள் ஊர் சந்தையில் கீரை விற்கும் அக்காவின் முகம் போல இருந்தது. வேறு எதையும் நான் பார்க்கவில்லை. மாதாமாதம் இரண்டு டாலரும் சில்லறையும் திரும்பிய செய்தி மின்னஞ்சலில் வரும். முழுத்தொகையும் வந்ததும் வேறொருவருக்குக் கொடுத்தேன். அந்த ஒரு காகிதம் இப்படியே பல கை மாறியது.

அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். "அட, கைமாத்துதானே!" என்றாள். அவள் கீரமங்கலம் பக்கம் பிறந்தவள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் அந்தக் கிராமங்களில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை. பணம் தேவைப்படுகிறவர் கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். அவரவர் முறை வரும்போது, வாங்கியதைக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி என்று பேச்சே கிடையாது. கிணறு வெட்டியதும் பிள்ளையைப் படிக்கவைத்ததும் அந்தப் பணத்தில்தான். இப்போது அங்கே கணினியில் ரசீது கொடுக்கிறார்கள், மெஷினில் எண்ணுகிறார்கள். அம்மாவிடம் இருப்பது இன்னும் மொய்க் கணக்கு எழுதும் கோடு போட்ட நோட்டுதான்.

2009 அக்டோபரில் டேவிட் ரூட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் ஒன்றை எடுத்துச் சொன்னார். கீவாவில் நாம் முகம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குள் பெரும்பாலும் அந்தக் கடன், கீவாவோடு சேர்ந்து இயங்கும் உள்ளூர் கடன் நிறுவனத்தின் கையால் கொடுக்கப்பட்டு முடிந்திருக்கும். நம் பணம் அந்த நிறுவனத்தின் பெட்டியை நிரப்புகிறது. அதன்பின் கீவா தன் தளத்தின் முகப்பு வாசகத்தை மாற்றிக்கொண்டது. நண்பர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. காய்கறிக்காரி நாளைக்குச் சரக்கு எடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் நான் முகம் பார்த்து முடிக்கும்வரை அவர் காத்திருக்க முடியுமா?

என்னை உறுத்தியது வட்டி. கொடுக்கும் நமக்கு வட்டி இல்லை. ஆனால் வாங்குகிறவர் உள்ளூர் நிறுவனத்துக்கு வட்டி கட்டுகிறார். ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. நூறு டாலர் கடனை வசூலிக்கவும் ஓர் ஆள் வண்டியில் போய்வர வேண்டும், ஆயிரம் டாலர் கடனுக்கும் அதே அலைச்சல்தான். காரணம் புரிகிறது. 2007இல் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை என்பதுதான் மனதைவிட்டுப் போகவில்லை.

2010இல் ஆந்திரத்தில் சிறுகடன் சுமையும் வசூல் கெடுபிடியும் தற்கொலைகள் வரை போய், அந்த அரசு அவசரச் சட்டம் போட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, உறவுக்காரப் பெண் ஒருத்தி வீட்டுத் திண்ணையில் அதே மாதிரிக் கெடுபிடியைக் கண்ணால் பார்த்தேன். குழு லோன். வாரத் தவணை. குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் எழுந்து போகவில்லை. விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் பத்துப் பெண்கள் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கட்டாதவளின் மகன் பக்கத்துத் தெருவில் கடன் கேட்டு ஓடிக்கொண்டிருந்தான். இந்தக் கெடுபிடியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வர 2025 ஆகிவிட்டது. அந்தத் திண்ணைக்குப் பிறகு, படத்தில் சிரிக்கும் எந்த முகத்தையும் என்னால் படமாக மட்டும் பார்க்க முடியவில்லை.

2015இல் இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ உட்பட ஆறு நாடுகளின் ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன. சிறுகடன் சிலருக்குத் தொழிலை நடத்தக் கொஞ்சம் வசதி தருகிறது, வாழ்க்கையைப் புரட்டிப்போடுவதில்லை என்பது சாரம். கைமாற்றிலிருந்து நம் வீடுகளில் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதானே.

ஆகவே நான் நிறுத்தவில்லை. இன்று சீட்டு மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. நான் முகத்தை விட்டுவிட்டுப் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போகிறேன். கடனை நடத்தும் நிறுவனம் எது, வாங்குகிறவருக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று அங்கே பார்க்கலாம். அமெரிக்காவில் சிறுதொழில் செய்வோருக்கு வட்டியே இல்லாமல் 15,000 டாலர் வரை கொடுக்கும் பிரிவும் இப்போது கீவாவில் இருக்கிறது. கேட்பவர் முதலில் தனக்குத் தெரிந்தவர்கள் சிலரிடம் சிறுதொகை கடன் வாங்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் ஊருக்குத் திறப்பார்கள். அம்மாவுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

போன டிசம்பரில் அண்ணன் மகளுக்கு 25 டாலர் சீட்டு கொடுத்தேன். அவள் கல்லூரி முதலாண்டு. திரையைப் பார்த்ததும், "வட்டி எவ்வளவு அத்தை?" என்றாள். ஒரு மணி நேரம் தேடி, வட்டியில்லாக் கடன் கேட்ட ஒரு ரொட்டிக் கடைக்காரரைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பாட்டியைப் போலவே கோடு போட்டு, பெயர், ஊர், தொகை என்று எழுதினாள். 'திரும்பி வந்தது' என்ற கட்டத்தைக் கொஞ்சம் அகலமாகவே விட்டிருந்தாள்.