விளையாடும் பிள்ளைக்குப் போதிய உணவு

அதிகாலையில் எழுந்து, ஒரு குவளைத் தேநீரை மட்டும் அருந்திவிட்டு மைதானத்திற்குச் செல்லும் மாணவியை எண்ணிப் பாருங்கள். பயிற்சி முடிந்து வந்ததும் இரண்டு இட்டலிகளை அவசரமாக உண்டுவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுகிறாள். மாலையில் மீண்டும் பயிற்சி. சில மாதங்களில் ஓட்டத்தின் வேகம் குறைகிறது, கால் எலும்பில் வலி தோன்றுகிறது, மாதவிடாய் நின்றுபோகிறது. பயிற்சி போதவில்லை என்று வீட்டாரும் பயிற்சியாளரும் எண்ணக்கூடும். ஆனால், குறைவாக இருப்பது பயிற்சி அன்று, உணவே.

ஆற்றல் குறைந்தால் நிகழ்வது என்ன?

உண்ணும் உணவின் ஆற்றலில் பெரும்பகுதியைப் பயிற்சியே எடுத்துக்கொண்டால், இதயம், மூளை, எலும்பு, வளர்ச்சி ஆகியவற்றிற்கு எஞ்சுவது சிறிதே. அந்நிலையில் உடல் சிக்கனம் செய்யத் தொடங்குகிறது. மாதவிடாயை இயக்கும் ஹார்மோன்கள் குறைகின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வலுவிழந்து, மயிரிழை போன்ற முறிவுகள் ஏற்படுகின்றன. நோய் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு இந்நிலையை 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை' என்னும் பொருள்படும் பெயரால் விவரித்தது. இது ஆண்பிள்ளைகளையும் பாதிக்கும். உடல் எடை குறையாமலேயே இந்நிலை ஏற்படலாம் என்பதால், எடையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

மாவுச்சத்து

ஓடும் தசைக்கு முதன்மையான எரிபொருள் மாவுச்சத்தே. அது கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. இச்சேமிப்பு அளவானது; பயிற்சிதோறும் கரைவது; உணவால் மட்டுமே நிரம்புவது. ஆகவே, எடை கூடும் என்று அஞ்சிச் சோற்றை ஒதுக்குவது விளையாடும் பிள்ளைக்குப் பொருந்தாது. முழு உணவைப் பயிற்சிக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு முன் உண்பது நன்று. அதிகாலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமோ ஓர் இட்டலியோ போதும். பயிற்சி முடிந்தபின் தாமதியாமல் இட்டலி, சாம்பார், முட்டை, பால் என நிறைவான உணவு தரப்பட வேண்டும்.

புரதம்

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்வோருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படலாம். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 200 மில்லி பாலில் 6 கிராமுக்குச் சற்று மேலும், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 12 கிராமும் உள்ளன. இவற்றை ஒரே வேளையில் தராமல் நாள் முழுவதும் பகிர்ந்து தருக. பெரும்பாலோருக்குப் புரதத்தூள் தேவையில்லை. சில தூள்களில் உறையில் குறிப்பிடப்படாத பொருள்கள் கலந்திருப்பதும் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது.

நீரும் உப்பும்

ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீரே போதும். வெயிலில் அதற்கு மேல் நீண்டால், உப்பிட்ட மோர் உதவும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பயன்படுத்தினால், உறையில் குறித்த அளவு நீரிலேயே கலக்க வேண்டும். வெளிர்மஞ்சள் நிறச் சிறுநீர் உடலில் போதிய நீர் இருப்பதற்கு எளிய அடையாளம். தாகத்திற்கு மிஞ்சி வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

இரும்பும் கால்சியமும்

காரணமின்றிச் சோர்வும் மூச்சிரைப்பும் இருப்பின் இரத்தசோகை உள்ளதா என்று பார்க்க வேண்டும். கீரை, பருப்பு, இறைச்சி ஆகியவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படும். தேநீரையும் காபியையும் உணவு வேளையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்க. இரத்தப் பரிசோதனையின்றி இரும்பு மாத்திரைகளைத் தாமாகத் தொடங்க வேண்டா. எலும்புக்குத் தேவையான கால்சியத்தைப் பால், தயிர், கேழ்வரகு ஆகியவை தரும்.

மருத்துவரை எப்போது காண வேண்டும்?

• மூன்று மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராதிருத்தல், அல்லது 15 வயதாகியும் பருவமடையாதிருத்தல்
• ஒரே இடத்தில் நீடிக்கும் எலும்பு வலி
• ஓய்வெடுத்தும் தீராத சோர்வு, அடிக்கடி வரும் காய்ச்சல்
• உணவைத் தவிர்த்தல், மறைத்தல், எடையைப் பற்றிய இடையறாத கவலை
• பயிற்சியின்போது மயக்கம் அல்லது நெஞ்சுவலி. இதற்கு உடனடி மருத்துவ உதவி தேவை

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள், பயிற்சி நாட்களுக்குரிய உணவையும் மருந்தளவையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வகுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும், இரவிலும்கூட, சர்க்கரை தாழக்கூடும்.

பிள்ளையின் எடையைக் குறித்து எள்ளி நகையாடாதீர்கள். மருத்துவரிடம் வரும்போது, மூன்று நாட்கள் உண்டவற்றையும் பயிற்சி செய்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். குறை எங்குள்ளது என்பதை அறிய அக்குறிப்பு பெரிதும் துணைபுரியும்.