ஜிப்ஸி பெட்ரோலைக் குடிக்கிறதா? மெக்கானிக்கிடம் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

சேலத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காடு டவுனைத் தாண்டி கரடியூர் போய்ச் சேர்ந்ததும் பெட்ரோல் முள்ளைப் பார்த்தால் ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ‘வண்டி லிட்டருக்கு ஏழுதான் கொடுக்குது, இன்ஜின் போச்சு’ என்று முடிவுகட்டி, கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். பல நேரங்களில் அந்த ஏழுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இருக்காது.

1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்ஸி, 2019-ல் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஆரம்பத்தில் 970 சிசி இன்ஜின். 1996-ல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1,300 சிசி. 2000-க்குப் பிறகு கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ வந்தது. எடை ஒரு டன்னுக்குப் பக்கம்தான் என்பதால், காபித் தோட்டத்து மண் பாதையில் மழைக்காலத்திலும் சிக்காமல் ஏறிவிடும். எஸ்டேட்காரர்கள் இன்னும் இதை விற்க மனசு வராமல் வைத்திருப்பது அதனால்தான். ஆனால், நல்ல நிலையில் உள்ள ஜிப்ஸியே லிட்டருக்கு 10 முதல் 12 கி.மீ வரைதான் தரும். சின்ன கார்தானே என்று 18 எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மலை எடுத்துக்கொள்ளும் பங்கு

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆட்கள், மூட்டையோடு 1,200 கிலோ எடையை 1,200 மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கால் பங்கைத்தான் இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுக்கும். அந்தக் கணக்கில், தூக்குவதற்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் செலவாகும். 30 கி.மீ ஓடுவதற்கான இரண்டரை லிட்டரையும் சேர்த்தால் மொத்தம் நாலு லிட்டருக்கு மேல். ஏறும்போது லிட்டருக்கு ஏழு வருவதில் ஆச்சர்யமே இல்லை. அதேபோல இறங்கும்போது இருபது வந்தது என்று சந்தோஷப்படுவதும் வீண். இரண்டுமே உங்கள் வண்டியின் மைலேஜ் இல்லை.

சரியாக அளக்க ஒரே வழிதான். ஒரு பங்க்கில், துப்பாக்கி முதல் முறை ‘க்ளிக்’ ஆகும் வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றம், இறக்கம், தோட்டத்துப் பாதை என வழக்கமாக ஓட்டி, 200 கி.மீ-க்குக் குறையாமல் ஓடிய பிறகு அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, போட்ட லிட்டரால் வகுத்தால் போதும். முள்ளை நம்ப வேண்டாம். மேட்டில் நின்றால் ஒன்று காட்டும், சரிவில் நின்றால் இன்னொன்று.

டயர் சொல்லும் பொய்

கணக்குப் போட்ட பிறகும் ஒன்பதுதான் வருகிறதா? டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். ஜிப்ஸி கிங்கின் கம்பெனி டயர் 205/70 ஆர்15. கெத்துக்காக 235/75 ஆர்15 மாட்டியிருந்தால், சக்கரத்தின் விட்டம் கிட்டத்தட்ட 10 சதவிகிதம் பெரிதாகிவிடும். வண்டி 242 கி.மீ ஓடியிருக்கும், மீட்டர் 220 என்றுதான் காட்டும். 24 லிட்டர் போட்டிருந்தால் உங்கள் கணக்கில் 9.2 வரும், உண்மையில் 10. மொபைல் மேப்பில் ஒரு 20 கி.மீ ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய டயரின் எடையும் இழுவையும் பெட்ரோலைத் தின்னும் என்பது வேறு கதை.

அடுத்து, முன் சக்கர ஹப். ‘லாக்’, ‘ஃப்ரீ’ என்று கையால் திருப்பும் ஹப் உள்ள வண்டிகளில், சேற்றில் மாட்டி வெளியே வந்தவுடன் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ‘லாக்’கிலேயே கிடந்தால் முன் ஆக்ஸில், ஷாஃப்ட் எல்லாம் சும்மா சேர்ந்து சுழலும். அதைவிட மோசம், தார் ரோட்டில் ஃபோர் வீல் டிரைவ் போட்டு ஓட்டுவது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். ஜிப்ஸியில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஸ்டீயரிங் கனத்து, டயர் தேய்ந்து, கியர்பாக்ஸ் முறுக்கிக்கொள்ளும்.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லை. சமதளத்தில், பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்தாறு கி.மீ ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அந்தச் சக்கரத்தில்தான் பெட்ரோல் போகிறது.

குளிரும் மெலிந்த காற்றும்

இனி வருவது மலைக்காரர்களுக்கே உரிய பிரச்னை. ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட சுமார் 15 சதவிகிதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சேலத்தில் ட்யூன் செய்த அளவிலேயே பெட்ரோலை விட, மேலே வந்ததும் கலவையில் பெட்ரோல் கூடிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் சரி. கரி பூசியதுபோல இருந்தால் பெட்ரோல் அதிகம். ட்யூனிங்கைக் குறைசொல்லும் முன், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் கேபிள் முழுசாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். வண்டி அதிகம் ஓடும் உயரத்திலேயே ட்யூன் செய்வது நல்லது.

எம்.பி.எஃப்.ஐ வண்டி காற்றழுத்தத்தை அளந்து தானே சரிசெய்துகொள்ளும். அதை ஏமாற்றுவது தெர்மோஸ்டாட். மலை ஏறும்போது சூடாகிறது என்று யாரோ ஒரு காலத்தில் அதைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். பனிமூட்டத்தில் இன்ஜின் சூடேறவே ஏறாது. கம்ப்யூட்டரும் ‘இன்னும் குளிராகத்தான் இருக்கு’ என்று பெட்ரோலைக் கூட்டி விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மெதுவாகச் சூடேறத் தொடங்கினால், தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. நல்லதாக இருந்தால் அந்த ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

மைலேஜுக்காகச் செய்யவே கூடாதது ஒன்று உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. எம்.பி.எஃப்.ஐ இன்ஜின், கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோலை அநேகமாக நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். கார்புரேட்டர் வண்டியில் ஏதோ கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் ஒரு டன் வண்டியை 20 வளைவுகளில் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போனால், மிச்சமான பெட்ரோல் எந்த மூலைக்கு? ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முன்பைவிடக் கொஞ்சம் குறைகிறது என்றால், பெட்ரோலும் காரணமாகலாம். இப்போது வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் சக்தி குறைவு. இதற்காக வடிவமைக்கப்படாத கார்களில் மைலேஜ் 6-7 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. அதை எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாது. ஆனால், எத்தனால் பழைய ரப்பரையும் பாதிக்கும். டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால், நின்ற வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால், மைலேஜ் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஹோஸை மாற்றிவிடுங்கள்.