சீனக் கடைத்தெருவில் சூலியாப் பள்ளி

சிங்கப்பூர் புறப்படும் நம் சகோதரிகள் பலர், சைனாடவுன் என்றதும் தயங்குவார்கள். "பன்றி இறைச்சி தொங்கும் கடைத்தெருவில் நமக்கென்ன வேலை?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தத் தெருக்களில் நம்மவர் வரலாறும் இருக்கிறதே!

1822இல் ரஃபிள்ஸ் நகரைத் திட்டமிட்டபோது, சீனருக்கும் சூலியாக்களுக்கும் அருகருகே இடம் ஒதுக்கினார். சூலியாக்கள் என்போர் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிறுவியதே ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அதன் இரு எண்கோண மினாராக்களைத் தூரத்திலிருந்தே காணலாம். பக்கத்துத் தெருவின் பெயரே மொஸ்க் ஸ்ட்ரீட்! சற்றுத் தள்ளி 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் உண்டு.

தெலுக் ஆயர் தெருவுக்கும் செல்லுங்கள். இன்று உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த அத்தெரு, அன்று கடற்கரை. அங்குள்ள அல்-அப்ரார் பள்ளி 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது. அதனால்தான் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். அருகே, 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. அதே வரிசையில் ஹொக்கியன் சீனரின் தியான் ஹொக் கெங் கோயில். கரையிறங்கிய இரு சமூகமும் பயணம் நலமாய் முடிந்ததற்கு நன்றி சொன்ன தெரு அது.

உணவு விடயத்தில் கவனம் தேவை. "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்ற பலகையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா, குழம்பில் அரிசி மது சேர்ந்ததா என்பதை அப்பலகை சொல்லாது. மரக்கறி உணவிலும் மது கலக்கலாம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழ் கடையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் பழங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பகோடா தெருவில் விசிறி, பட்டுத்துணி, பீங்கான் கிண்ணம் வாங்கலாம். "கொட்டகலையிலிருந்து போய்த் தேயிலை வாங்குவதா?" என்று சிரிக்காதீர்கள். நாம் கொழுந்து பறிக்கும் செடியின் பூர்வீகம் சீனம். 'தே' என்ற சொல்லும் ஹொக்கியன் மக்களின் வாய்ச்சொல்லே. ஒரு சிறு பொட்டலம் வாங்கி வாருங்கள். அதை ஊற்றிக் குடிக்கும் மாலையில், குச்சுப் பள்ளியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.