மீனுக்கு வயிறு இல்லை. தீவனத்தை அளந்து போடுங்கள்

ஐப்பசி மழை மூட்டத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் அலங்காநல்லூர் பக்கத்து விவசாயி ஒருவர் போன் செய்தார். "மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது சார். கட்லா பத்துப் பன்னிரண்டு செத்து மிதக்குது. என்ன மருந்து போடலாம்?" என்றார்.

தீவனத்தை நிறுத்தி, மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணீரைப் பீய்ச்சி விடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். 10 சென்ட் பண்ணைக்குட்டை அது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. கையை விட்டால் மணிக்கட்டு நனையும் முன்பே விரல்கள் மறைந்தன. கரையில் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் ஒரு கூடை. தினமும் காலை 6 மணிக்கு மொத்தமாகக் கொட்டுவாராம். ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீடு; காளைக்கு வைப்பது போலவே மீனுக்கும் தாராளமாக வைத்திருக்கிறார்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்றதைச் சேர்த்து வைத்து அசைபோடும். கெண்டை இன மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. தாடையிலும் பல் இல்லை; தொண்டையில் உள்ள பற்களால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பும். சேமிக்க இடமில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். மீதியெல்லாம் அடியில் அழுகும். அந்தச் சத்தில் பாசி பெருகி, பகலில் ஆக்சிஜன் கொடுத்தாலும் இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். விடியும் முன் ஆக்சிஜன் மிகக் குறைவு. மூட்டமான நாளுக்கு மறுநாள் இன்னும் மோசம். அந்த நேரத்தில் தீவனம் போட்டால், செரிக்கவும் ஆக்சிஜன் தேவைப்படும் மீன் எங்கே போகும்? கட்லாதான் முதலில் மிதக்கும்.

வாயைப் பார்த்தாலே எந்த மீன் எங்கே மேயும் என்று தெரியும். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். மேல்மட்டத்து நுண்ணுயிர்களைச் செவுளில் உள்ள சல்லடையால் வடிகட்டித் தின்னும். ரோகுவின் உதட்டில் குஞ்சம் போல விளிம்பு உண்டு. நடுமட்டத்தில் பாசி, மக்கிய இலைதழைகளைக் கறிக்கும். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி. சேற்றில் உள்ள மக்கல்தான் அதன் உணவு. பிளாஸ்டிக் விரித்த குட்டையில் அரை அடி மண் பரப்பாவிட்டால் மிர்கால் தேறாது. மானியத்தில் குட்டை அமைத்த பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஏக்கருக்கு 4,000 குஞ்சு கணக்கில் 10 சென்ட்டுக்கு 400 போதும்: கட்லா 160, ரோகு 120, மிர்கால் 120. மாதம் ஒருமுறை வீச்சு வலையில் 20 மீன் பிடித்து எடை போடுங்கள். சராசரி 200 கிராம், உயிரோடு 350 மீன் என்றால் மொத்தம் 70 கிலோ. அதில் 3 சதவீதம், அதாவது 2 கிலோ 100 கிராம்தான் ஒரு நாள் தீவனம். குஞ்சுப் பருவத்தில் 5 சதவீதம் வரை போகலாம். வளர வளர 2 சதவீதமாகக் குறைக்கலாம். நண்பருடைய கூடையை நிறுத்துப் பார்த்தோம்: 6 கிலோவுக்கு மேல். புண்ணாக்கு விற்கிற விலையில் தினம் 4 கிலோ வீண்!

புண்ணாக்கையும் தவிட்டையும் சம அளவு கலந்து, அடியில் துளையிட்ட உரச்சாக்கில் போட்டுக் கம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். காலை 9 மணிக்குப் பிறகு பாதி, மாலை 4 மணிக்குள் மீதி. இடத்தை மாற்ற வேண்டாம்; மீனின் மூக்கு மூச்சுக்கு அல்ல, மோப்பத்துக்கு மட்டுமே, பழகிய இடத்துக்குத் தானே வந்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்தும் சாக்கில் மிச்சமிருந்தால் மறுநாள் குறைத்துவிடுங்கள். மூட்டமான நாளில் பாதி போதும், தொடர் மழையில் வேண்டவே வேண்டாம்.

முழங்கை வரை கைவிட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நல்ல தண்ணீர். பளிச்சென்று தெரிந்தால் கட்லாவுக்கு இரை இல்லை. சாணம் கரைத்து விடலாம். கரை ஓரம் கம்பு நேப்பியர் வைத்திருப்பவர்கள் கட்லாவில் 20 குறைத்துப் புல்கெண்டை விடலாம். தின்ற புல்லில் ஏறக்குறைய பாதி செரிக்காமலே வெளியேறிக் குட்டைக்கு உரமாகும். அப்போது சாணத்தின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.