"கம்பஸை விட்டுவிடட்டுமா, சேர்?"

சென்ற விடுமுறையில் என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அக்குறணைப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் முதலாம் வருடம். கொடுத்த தேநீர் ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "கம்பஸை விட்டுவிடட்டுமா, சேர்?"

இரவில் தூக்கமில்லை. விரிவுரைகள் விளங்கவில்லை. வாப்பாவிடம் சொல்லப் பயம். பள்ளிவாசலில் இப்போதே அவனை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளில் "கணிதப் பிரிவை எடு" என்று அவனிடம் சொன்னவன் நான். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பு எனக்கும் உண்டு. இதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இன்னும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த இடம் இலகுவில் கிடைத்ததல்ல. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் கண்டி இல்லை. களைப்பிலும் கோபத்திலும் விட்டுவிடக்கூடிய இடமல்ல அது. அதேநேரம், பிள்ளையின் உயிரையும் உடல்நலத்தையும் விடப் பெறுமதியானதும் அல்ல.

எனவே "விடுவதா, இருப்பதா" என்று கேட்பதற்கு முன் "எது உன்னை வருத்துகிறது" என்று கேட்க வேண்டும். காரணத்துக்கு ஏற்பத்தான் மருந்து.

மொழி காரணமாக இருக்கலாம். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை திடீரென ஆங்கில விரிவுரையில் உட்காருகிறது. இது அறிவுக் குறைவு அல்ல. கூட்டாகப் படித்தால், காலம் கொடுத்தால், பெரும்பாலும் சரியாகிவிடும்.

பகிடிவதை காரணமென்றால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். முறைப்பாடு செய்ய வேண்டும். குற்றம் செய்தவன் உள்ளே இருக்க, பாதிக்கப்பட்டவன் ஏன் வெளியேற வேண்டும்?

தூக்கமின்மை, பசியின்மை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் அது நோய். 'ஈமான் குறைவு' என்று சொல்லி ஒதுக்காதீர்கள். உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். பரீட்சை எழுத முடியாத நிலையென்றால் மருத்துவச் சான்றிதழை உரிய முறையில் சமர்ப்பிக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் வீட்டில் தங்கிவிடுவதுதான் மிகப் பெரிய நஷ்டம்.

பாடமே பிடிக்கவில்லையா? பேராதனைப் பொறியியல் பீடத்தில் முதலாம் வருடம் எல்லோருக்கும் பொது. அதன் பின்னரே சிவில், இயந்திரம், மின், கணினி, இரசாயனம் என்று பிரிகிறார்கள். வெறுப்பது பொறியியலையா, முதலாம் வருடத்தையா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் மாறுவதில் வெட்கமில்லை. பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது. என்.வி.கியூ. தொழிற்கல்விப் பாதையும் இருக்கிறது. ஆனால் புதிய கதவு திறந்திருப்பதை உறுதிசெய்த பின்னரே பழைய பதிவை நீக்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி 1095இல் பக்தாத் நிழாமிய்யாவின் தலைசிறந்த ஆசிரியர். பாடம் நடத்த நா எழவில்லை, உணவு இறங்கவில்லை. ஏறக்குறைய ஆறு மாதம் தயங்கினார். குடும்பத்துக்கு வேண்டியதை ஒழுங்குசெய்துவிட்டே பதவியை விட்டு வெளியேறினார். 'இஹ்யா உலூமித்தீன்' அதன் பின்னர் வந்தது. சுமார் பதினொரு வருடங்களின் பின் நைஸாபூரில் மீண்டும் கற்பித்தார். அவர் விட்டதை யாரும் தோல்வி என்பதில்லை. அவர் அவசரப்படவும் இல்லை.

பெற்றோரே, "ஊர் என்ன சொல்லும்" என்பதை இந்த மஷூராவுக்குள் கொண்டுவராதீர்கள். ஊர் பரீட்சை எழுதப் போவதில்லை.

என் மாணவனுக்கு இருந்தது மொழிச் சிரமமும் தூக்கமின்மையும். அன்று மஃரிபுக்குப் பின் அவனுடன் நானும் வாப்பாவிடம் போனேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத என்னிடம் முதல்லயே சொல்லியிருக்கலாமே மகன்" என்றார். மறுநாள் வைத்தியரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். இருப்பதா விடுவதா என்பதை வருட இறுதியில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.