சிறு துளையும் பெரு வினாவும்: சுவாசப்பைக்குப் பரவிய புற்றுநோயின் சத்திரசிகிச்சை பற்றி ஒரு நோக்கு

கருவி மாறும்போது தொழில் மாறுகிறது. அதனோடு தொழில் செய்வோரின் அறிவும் மாறுகிறது. உற்பத்தித் துறை பற்றிக் கூறப்படும் இவ்வுண்மை சத்திரசிகிச்சைக்கும் பொருந்தும். சுவாசப்பைக்குப் பரவிய புற்றுநோயைச் சிறு துளைகள் வழியாக அகற்றும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இம்முறை குறித்து இரு வினாக்கள் எழுகின்றன. அது சத்திரசிகிச்சையை எளிதாக்கியுள்ளதா என்பது ஒன்று. அச்சத்திரசிகிச்சை ஆயுளை நீட்டுகிறதா என்பது மற்றொன்று. முதல் வினாவின் விடையை இரண்டாவதற்கும் உரியதாகக் கொள்வது பெருந்தவறு.

உடலெங்கும் இருந்து திரும்பும் குருதி, இதயத்தின் வலப்பக்கத்தினூடாகச் சுவாசப்பையின் நுண்குழாய்களை அடைகிறது. ஆகவே குருதியிற் கலந்த புற்றுநோய்க் கலங்கள் அங்கே தங்குவது இயல்பு. எனினும் குருதியோட்டம் மட்டுமே காரணமன்று. 1889இல் இலண்டன் மருத்துவர் ஸ்டீவன் பாஜெற், விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்னும் கருத்துப்பட இதனை விளக்கினார்.

பரவிய நோயை வெட்டி அகற்றலாம் என்னும் நம்பிக்கைக்கு வலுவூட்டியது 1933இல் பொஸ்ரன் நகரில் நிகழ்ந்த ஒரு சிகிச்சையாகும். சிறுநீரகத்திலிருந்து சுவாசப்பைக்குப் பரவிய கட்டி அகற்றப்பட்ட அந்நோயாளர் மேலும் 23 ஆண்டுகள் வாழ்ந்து இதயநோயால் இறந்தார். அன்று மார்பைத் திறப்பதென்பது விலா எலும்புகளை அகலவிரித்தலாகும். நெடுநாள் வலி அதன் விலை.

மார்பறையுள் ஒளிக்கருவியைச் செலுத்திப் பார்க்கும் முறையை சுவீடனைச் சேர்ந்த யாக்கோபேயுஸ் 1910இலேயே வெளியிட்டிருந்தார். ஆனால் சிறிய வீடியோக் கமராவும், வெட்டியவாறே தைக்கும் கருவியும் வந்துசேர்ந்த பின்னர், 1990களிலேயே அது சுவாசப்பைச் சத்திரசிகிச்சையில் பரவலாயிற்று. நோயாளர் மயக்கநிலையில் இருக்க, ஒருபக்கச் சுவாசப்பையின் காற்று வெளியேற்றப்பட்டு அது சுருங்கவைக்கப்படும். விலாக்களுக்கிடையே ஒன்று முதல் மூன்று வரையான சிறு வெட்டுகளினூடாகக் கமராவும் கருவிகளும் நுழையும். கட்டி, அதனைச் சூழ்ந்த சிறிதளவு நல்ல இழையத்தோடு ஆப்பு வடிவில் வெட்டப்பட்டு, பையொன்றில் இடப்பட்டு வெளியே எடுக்கப்படும். வலி குறைவு, வீடு திரும்பும் நாளும் விரைவு. நோய் மீண்டும் தோன்றின் மறுமுறை சத்திரசிகிச்சை செய்வதும் ஓரளவு எளிது.

எனினும், பெற்றது போலவே இழந்ததும் உண்டு. மார்பைத் திறந்த மருத்துவர் சுவாசப்பை முழுவதையும் கையால் தடவிப் பார்த்தார். புதிய முறையிற் பெரும்பாலும் கண்ணே வழிகாட்டி. விரல் எட்டுமிடம் சொற்பம். நியூயோர்க்கில் நடைபெற்று 1996இல் வெளியான ஆய்வொன்றில், 18 நோயாளருக்கு முதலிற் கமரா வழியாகவும், உடனடுத்து மார்பைத் திறந்தும் கட்டிகள் தேடப்பட்டன. முதல் முறையிற் தப்பிய புற்றுக்கட்டிகள் 10 பேரிடம் காணப்பட்டமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. சீ.ரீ. படங்கள் துல்லியமடைந்த பின்னர், 2014இல் வெளியான டென்மார்க் ஆய்விலும் 89 நோயாளரிடம் கையால் மட்டும் அறியப்பட்ட 67 மேலதிகக் கட்டிகள் இருந்தன. ஆயின் அவற்றுள் 22 மாத்திரமே பரவிய புற்றுநோய், பெரும்பாலானவை தீங்கற்றவை. கை கூடுதலாகக் கண்டது, கண்டதெல்லாம் நோயன்று.

இனி இரண்டாவது வினா. 5,206 நோயாளர் பற்றிய சர்வதேசப் பதிவேடு 1997இல் வெளியாயிற்று. கட்டிகள் முற்றாக அகற்றப்பட்டோரில் நூற்றுக்கு 36 பேர் ஐந்தாண்டின் பின்னும் உயிரோடிருந்தனர். ஆனால் சத்திரசிகிச்சைக்குத் தெரிவானவர்கள் யார்? கட்டிகள் சில மட்டும் உடையோர், நோய் மெதுவாக வளர்வோர், உடல்வலு மிக்கோர். அவர்கள் நெடிது வாழ்ந்தமைக்குக் காரணம் கத்தியா, தெரிவா என்பதைப் பதிவேட்டினால் அறியவியலாது.

அதனை அறியவே, பெருங்குடற் புற்றுநோய் பரவியோரை எழுமாறாக இரு பிரிவாக்கும் ஆய்வு பிரித்தானியாவை மையமாகக் கொண்டு நடத்தப்பட்டது. போதிய நோயாளர் சேராமையால் அது முற்றுப்பெறவில்லை. 2019இல் வெளியான முடிவின்படி, சேர்ந்த 65 பேரில் சத்திரசிகிச்சை பெற்ற பிரிவில் ஐந்தாண்டு வாழ்வு நூற்றுக்கு 38 அளவிலும், பெறாத பிரிவில் 29 அளவிலும் இருந்தது. பெறாதோரில் நூற்றுக்கு ஐவர்கூட எஞ்சார் என்பதே முன்னைய எண்ணம். இச்சிறு தொகையைக் கொண்டு சத்திரசிகிச்சை பயனற்றதென முடிவு கட்டலாகாது. எலும்பிலே தோன்றிப் பரவும் புற்றுநோய்க்கு இம்முடிவைப் பொருத்துவதும் தகாது. ஆயினும் பழைய எண்ணத்தின் அடித்தளம் ஆட்டங்கண்டது.

கருவி விற்பனைச் சரக்காகவும் இருக்கும் சமுதாயத்தில் அதன் இலாவகமே அதன் நியாயமாகிவிடும் அபாயம் உண்டு. வெட்டு சிறிதானதும், வெட்டலாமா என்னும் வினாவும் சிறிதாகிவிடுகிறது. நோயாளர் அறியவேண்டியது துளையின் அளவை மட்டுமன்று. தம் வகைப் புற்றுநோயில் இச்சிகிச்சை தரும் பயனுக்குச் சான்று என்ன, கதிர்ச்சிகிச்சை போன்ற மாற்றுவழிகள் உண்டா, காத்திருந்து அவதானித்தால் நேர்வது என்ன என்பனவற்றையுமாகும். இவ்விளக்கத்தை எளிய மொழியிற் பெறுவது நோயாளரின் உரிமை; அது மருத்துவரின் கருணையன்று.